எல்லையூர் மாணவரும் உளவியல் வகுப்பும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப் பாதையில், ஆனைமலை ரோடு நிலையத்தை அடுத்து வருவது மீனாட்சிபுரம். அவ்விரு நிலையங்களுக்கும் இடையில் வண்டி தமிழ்நாட்டை விட்டுக் கேரளத்துக்குள் புகுந்துவிடுகிறது. இப்பெயர் தாங்கிய ஊர்கள் தமிழகத்தில் பல உண்டு. நாம் இங்குக் குறிப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், எல்லையை ஒட்டி அமைந்த ஊரை. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பால் வண்டிகளை நிறுத்திப் பாலின் தரத்தைச் சோதிக்கும் கூடம் இவ்வூர்ச் சாவடியில் இருப்பதால், ஓணக் காலத்தில் இதன் பெயர் செய்தித்தாள்களில் அடிபடும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது சித்தூர் வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வந்த குடும்பங்களும் அங்கேயே நின்றன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரு மொழியும், அரசு அலுவலகத்தில் மலையாளம், கல்லூரிப் புத்தகத்தில் ஆங்கிலம் என்பது அங்குள்ள மாணவர்க்கு அன்றாட வழக்கம்.

மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு இந்நிலை புதிதன்று. மலையாளம் இருக்குமிடத்தில் மராத்தியையோ கன்னடத்தையோ இந்தியையோ வைத்துப் பார்த்தால் உங்கள் இல்லத்துப் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆகவே மீனாட்சிபுரத்து மாணவரை முன்னிறுத்தி நாம் ஆராயப் புகும் கேள்வி உங்களுக்கும் உரியது. கல்லூரியில் உளவியல் என்னும் பாடத்தை எவ்வாறு கற்பித்தால் அது மாணவர்க்கு உண்மையாகவே விளங்கும் என்பதே அக்கேள்வி.

பிற பாடங்களை விட்டு உளவியலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உப்பு நீரில் கரையும் இயல்பு மீனாட்சிபுரத்திலும் ஒன்றே, மாஸ்கோவிலும் ஒன்றே. மனத்தின் இயல்பும் அவ்வாறு எங்கும் ஒன்றுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. அதுவே ஆராய வேண்டிய வினா. 2003 முதல் 2007 வரை வெளிவந்த முன்னணி உளவியல் இதழ்கள் சிலவற்றை ஒருவர் கணக்கிட்டுப் பார்த்தார். அவற்றில் சோதனைக்கு உட்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் மேலை நாட்டினர். உலக மக்கள் தொகையிலோ அந்நாடுகளின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டே. அந்த மேலை நாட்டினருள்ளும் பெரும் பகுதியினர் அமெரிக்கர்கள். ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் என்னும் மூவர் 2010-ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டி, மனித மனம் என்று நாம் எழுதிவைத்திருப்பது எவருடைய மனம் என்று வினவினர். நம் நாட்டுக் கல்லூரிகளில் பெரிதும் பயிலப்படும் பாடநூல்கள் இவ்வாராய்ச்சிகளின் மேல் எழுந்தவை. சித்தூர் அரசுக் கல்லூரிக்கோ பொள்ளாச்சிக் கல்லூரிக்கோ போய்வரும் ஓர் எல்லையூர் மாணவர் அதனைத் திறந்தால், தாம் அறிந்த மனிதர் எவரையும் அதில் காண்பதில்லை.

இன்று உளவியலை நாடி வரும் இளைஞர் தொகை பெருகி வருகிறது. பிறர் மனத்தை அறியலாம், தம் மனத்தையும் அறியலாம் என்னும் ஆவலே அவர்களை இப்பாடத்தின் பக்கம் ஈர்க்கிறது. முதல் நாள் வகுப்பில் அவர்களுக்குக் கிடைப்பதோ ஓர் இலக்கணம். அதன்பின் கிளைகள், பிரிவுகள், அறிஞர் பெயர்கள். ஆசிரியர் வாசிக்க, மாணவர் எழுத, ஆண்டிறுதியில் எழுதியது விடைத்தாளுக்குத் திரும்பிச் சென்றுவிடுகிறது. மறதி எவ்வாறு நிகழ்கிறது என்னும் பாடத்தைக்கூட மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுவாரம் மறந்துவிடுகின்றனர். இதைவிடச் சிறந்த செய்முறை விளக்கம் மறதிக்கு வேறு கிடைக்காது.

இந்நிலை தொடக்கத்திலேயே இருந்ததன்று. இந்தியாவில் உளவியலுக்கென்று முதல் துறை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-ஆம் ஆண்டில் அமைந்தது. ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்று வந்த நரேந்திரநாத் சென்குப்தா அதனை நடத்தினார். அடுத்து 1924-இல் மைசூரில் எம். வி. கோபாலஸ்வாமி துறையை நிறுவினார். அவர் லண்டனில் ஸ்பியர்மனின் வழியில் பயின்றவர். இருவரும் சோதனைச்சாலையையே பாடத்தின் இதயமாகக் கொண்டனர். இந்தக் கோபாலஸ்வாமியை வானொலி நேயர்கள் அறிந்துகொள்ள வேறொரு காரணமும் உண்டு. 1935-ஆம் ஆண்டு செப்டம்பரில் மைசூரில் தம் இல்லத்திலேயே ஒரு சிறிய ஒலிபரப்பியை நிறுவி வானொலி நிலையம் நடத்தியவர் அவரே. அந்நிலையத்துக்கு வழங்கிய 'ஆகாசவாணி' என்னும் பெயரே பிற்காலத்தில் இந்திய வானொலி முழுவதற்கும் வந்தது. தமிழில் மட்டும் 'வானொலி' என்னும் சொல்லே நிலைத்துவிட்டது. மனத்தை ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர் வகுப்பறையின் சுவருக்கு வெளியே உள்ள காதுகளையும் தேடிச் சென்றார் என்பது நமக்குப் பிடித்த செய்தி. அதனால்தான் சற்று விலகிச் சொன்னோம்.

சோதனைச்சாலை என்றதும் பல கல்லூரிகளில் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிவைத்த கருவிகளே நினைவுக்கு வருகின்றன. கருவி இல்லை, ஆகவே செய்முறை இல்லை என்னும் வாதத்தையும் கேட்கிறோம். உளவியலைப் பொறுத்தவரை இவ்வாதம் செல்லாது. ஆராயப்படும் பொருள் நாற்பது ஐம்பது பேராக வகுப்பிலேயே அமர்ந்திருக்கிறது. ஒரு கடிகாரமும் தாளும் பென்சிலும் இருந்தால் பல சோதனைகளைச் செய்துவிடலாம். அவற்றுள் ஒன்றை மட்டும் விரிவாகப் பார்ப்போம். எல்லையூர் மாணவர்க்கு அது குறையாக அன்றி முதலாக அமைவதைக் காணலாம்.

ஒருவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, கேட்டவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையின்றி எத்தனை எண்வரை சொல்ல முடிகிறதோ அதுவே அவருடைய நினைவு வீச்சு. ஏழு, அதற்கு ஒன்றிரண்டு கூட அல்லது குறைய என்று அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதியது புகழ்பெற்றது. மாணவர் இதனைப் படித்து 'ஏழு' என்று குறித்துக்கொள்வர். அறிவுத்திறன் அளக்கும் தேர்வுகள் பலவற்றிலும் இவ்வெண் சோதனை ஒரு பகுதி. இதில் எண்ணிக்கை குறைந்தால் மதிப்பெண் குறையும்.

பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் நாட்டில் பிள்ளைகளை வெல்ஷ் மொழியில் இவ்வாறு சோதித்தபோது, அமெரிக்கப் பிள்ளைகளைவிட இப்பகுதியில் அவர்கள் குறைவாகவே பெற்றனர். வெல்ஷ் பிள்ளைகளின் நினைவு குறைவு என்று முடிவு கட்டுவது எளிது. எல்லிஸ், ஹென்னெலி என்னும் இருவர் 1980-இல் வேறு வகையில் ஆராய்ந்தனர். இரு மொழியும் அறிந்தவர்களை எடுத்துக்கொண்டு, அதே மனிதரை வெல்ஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் சோதித்தனர். வெல்ஷ் மொழியில் எண்களை வாசிக்க அதிக நேரம் பிடித்தது. நினைவு வீச்சும் அம்மொழியில் குறைந்தது. வெல்ஷ் மொழியில்தான் தமக்குப் பழக்கம் மிகுதி என்று கருதியவர்களுக்கும் அவ்வாறே ஆயிற்று. நினைவு ஒன்றே, நினைத்தவரும் ஒருவரே. எண்ணின் பெயர் நீண்டால் எண்ணிக்கை சுருங்குகிறது. ஏறத்தாழ இரண்டு நொடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவே இவ்வகை நினைவில் தங்கும் என்று இங்கிலாந்தில் பாட்லியும் அவர் துணைவரும் 1975-இல் காட்டியிருந்ததோடு இது பொருந்திற்று.

கதை அத்துடன் முடியவில்லை. 2002-இல் மரே, ஜோன்ஸ் என்னும் இருவர் இவ்விளக்கத்தை மறுத்தனர். தனித்தனியே உச்சரித்தால் வெல்ஷ் எண்கள் நீண்டவை அல்ல; ஒரு சொல்லின் முடிவிலிருந்து அடுத்த சொல்லின் தொடக்கத்துக்கு நா புரள்வதில் உள்ள அருமையே காரணம் என்றனர். அறிவியலில் ஒரு முடிவு எவ்வாறு எழுகிறது, எவ்வாறு திருத்தப்படுகிறது என்பதை மாணவர் காண இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. பாடநூல் ஒரு வரியில் முடித்துவிடுவதை ஆசிரியர் ஒரு மணி நேரத்துக்கு விரித்துச் சொல்லத் தக்க இடம் இது.

இப்போது இதனை எல்லையூருக்குக் கொண்டுவருவோம். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள எண்ணுப் பெயர்களில் ஒன்றைத் தவிர ஏனையவை ஓரசைச் சொற்கள். தமிழில் ஓரசைச் சொல் ஒன்றுகூட இல்லை. அதிலும் நூல் வழக்கில் 'இரண்டு' என்று மூன்றாக நீள்வது, பேச்சில் 'ரெண்டு' என்று இரண்டாகச் சுருங்குகிறது. 'மூன்று' 'மூணு' ஆகிறது. 'ஐந்து' 'அஞ்சு' ஆகிறது. மலையாளத்திலோ நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு என்று நம் பேச்சு வழக்கோடு ஒட்டியே செல்கின்றன. ஆகவே ஒரே மாணவரிடம் நூல் தமிழ், பேச்சுத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என நான்கு வகையில் எண்களைச் சொல்லிச் சோதிக்கலாம். எதில் வீச்சு மிகும், எதில் குறையும் என்று சோதனைக்கு முன்பே ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதி வைக்கட்டும். இச்சோதனையைச் செய்ய அமெரிக்க மாணவர் தகுதியற்றவர். மீனாட்சிபுரத்து மாணவர் தகுதியுடையவர்.

சோதனை தொடங்கியதும் சிக்கல்கள் தாமாக எழும். மாணவர் கைப்பேசி எண்ணை ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகியவர். ஆங்கிலத்தில் வீச்சு மிகுந்தால் அது சொல்லின் குறுமையாலா, பழக்கத்தாலா? எல்லோருக்கும் முதலில் தமிழையும் கடைசியில் ஆங்கிலத்தையும் வைத்தால், கடைசியில் வருவது பயிற்சியால் மிகுமா, களைப்பால் குறையுமா? இதனைத் தவிர்க்கப் பாதிப் பேருக்கு வரிசையை மாற்ற வேண்டுமென்று மாணவர் ஒருவரே சொல்லிவிடுவார். ஆய்வு அமைப்பு என்னும் தலைப்பில் பாடநூல் பக்கம் பக்கமாகச் சொல்லும் கட்டுப்பாடுகளை எல்லாம் அவர் தேவை கருதித் தாமே கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்ததற்குப் பிறகு அதன் கலைச்சொல்லைச் சொன்னால் அது நிற்கும். முதலிலேயே சொன்னால் நிற்பதில்லை.

இவ்வாறெல்லாம் செய்தால் பாடத்திட்டம் எப்போது முடியும் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. முடித்துவிட்ட பாடத்தில் எவ்வளவு மாணவரிடம் தங்குகிறது என்னும் கணக்கையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தனர். பின் ஒரு சாரார் அதனை மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர்: நூற்றுக்கு 81-க்கு எதிராக 75. ஒரு வாரம் கழித்தோ நிலை தலைகீழாயிற்று: மீண்டும் படித்தவர்க்கு 42, எழுதிப் பார்த்தவர்க்கு 56. தேர்வுக்கு முந்திய இரவில் திரும்பத் திரும்பப் படிக்கும் மாணவர்க்குத் தாம் நன்கு கற்றுவிட்டோம் என்னும் உணர்வு எழுவதும், பிறகு அது கரைந்துவிடுவதும் இதனால் விளங்கும். வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, சென்ற வகுப்பில் கற்றதை நோட்டைத் திறக்காமல் எழுதச் செய்வதற்குச் செலவு ஏதுமில்லை. அத்தாளுக்கு மதிப்பெண் இடக் கூடாது. இட்டால் அச்சம் புகுந்துவிடும். கார்ப்பிக்கியின் ஆராய்ச்சியைக் கற்பிக்கும் வகுப்பிலேயே இதனைச் செய்யாது விடுவோர் பலர் என்பது வருந்தத் தக்கது.

சொற்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இத்துறையைத் தமிழில் முன்பு மனோதத்துவம் என்றனர். மனநூல், உளநூல் என்றும் வழங்கினர். இன்று உளவியல் என்பது நிலைபெற்றிருக்கிறது. இத்துறையை எளிய தமிழில் எழுதியோருள் பெரியசாமித் தூரன் முதன்மையானவர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியராக அவரை எல்லோரும் அறிவர். 'அடிமனம்', 'தாழ்வு மனப்பான்மை' முதலிய உளவியல் நூல்களை எழுதியவரும் அவரே என்பதைப் பலர் மறந்தனர். தாழ்வு மனப்பான்மை என்னும் தொடர் இன்று பள்ளிக்கூடம் செல்லாதவர் நாவிலும் புழங்குகிறது. ஒரு கலைச்சொல் இதற்கு மேல் என்ன வெற்றி பெற முடியும்? 1960-இல் மீனாட்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரில், அரசு கலைக் கல்லூரியில், பட்ட வகுப்பைத் தமிழிலேயே நடத்தும் முயற்சி தொடங்கிற்று. அதனைத் தொடர்ந்து அரசு வெளியிட்ட கல்லூரித் தமிழ்ப் பாடநூல்களில் உளவியலும் இடம்பெற்றது. இன்று அந்நூல்களைத் தேடுவோர் குறைவு. தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவதில் நமக்கு மறுப்பில்லை. சிந்திப்பதையும் அம்மொழிக்குள்ளேயே அடைத்துவிடுவதில்தான் மறுப்பு.

ஏனெனில் இம்மாணவர் நாளை யாரிடம் பணி செய்யப் போகிறார்? எல்லைப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் தாயார் ஒருவர், தமக்கு மனச்சோர்வு நோய் உள்ளதென்று சொல்ல மாட்டார். 'நெஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு', 'ஒண்ணுலயும் பிடிப்பு இல்லை', 'தூக்கமே ஒட்ட மாட்டேங்குது' என்பார். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் வேறு சொல்லால் சொல்வார். இச்சொற்களைக் கேட்டு இன்ன நிலை என்று உணரும் பயிற்சி ஆங்கிலப் பாடநூலில் இல்லை. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய 'டெலி-மானஸ்' என்னும் தொலைபேசி மனநல உதவியில், 14416 என்னும் எண்ணை அழைப்போர் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். மறுமுனையில் அமர்ந்து கேட்பதற்கு அம்மொழியில் கேட்கத் தெரிந்தவர் வேண்டுமே. ஆகவே ஏக்கம், தவிப்பு, பதைப்பு, சலிப்பு, விரக்தி என்று தம் வீட்டாரும் ஊராரும் வழங்கும் சொற்களை மாணவர் தொகுத்து, எந்தச் சொல்லை எப்போது ஆளுகிறார்கள், உடலில் எந்த இடத்தைத் தொட்டுச் சொல்கிறார்கள் என்று குறித்து வருவதை ஒரு பருவத்துக்குரிய பணியாகவே தரலாம். அவ்வாறு தொகுத்தவர், பாடநூல் கூறும் அறிகுறிப் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒத்துவராத இடங்களே அவருக்கு நல்ல பாடம்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று உலக உளவியலுக்கே வித்தாகியதை மாணவர் பெரும்பாலோர் அறியார். 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய பூகம்பத்துக்குப் பின், பாட்னாவைச் சேர்ந்த ஜமுனா பிரசாத் அப்பகுதியில் உலவிய வதந்திகளைத் தொகுத்தார். நடுக்கத்தை உணர்ந்தும் பெருஞ்சேதம் அடையாத மக்களிடையே, இதைவிடக் கொடிய பேரழிவு வரப்போகிறது என்னும் வதந்திகள் பரவின. அச்சம் நீங்கிய மக்கள் மேலும் அஞ்சத்தக்க செய்தியை ஏன் நம்ப வேண்டும்? இதே போன்று 1950-இல் டார்ஜிலிங் பகுதியில் மலைச்சரிவு நேர்ந்தபோது, துர்க்கானந்த் சின்ஹா வதந்திகளை ஆராய்ந்தார். அழிவை நேரில் கண்ட அங்கே அத்தகைய வதந்திகள் காணப்படவில்லை. அமெரிக்காவில் பெஸ்டிங்கர் இவ்வேறுபாட்டைப் பற்றிச் சிந்தித்தார். முன்னவர்க்கு அச்சம் இருந்தது, அதற்குரிய காரணம் கண்முன் இல்லை. ஆகவே அச்சத்துக்குப் பொருந்தும் செய்தியை மனம் தேடிக்கொண்டது என்று கருதினார். மனத்துள் இரண்டு எண்ணங்கள் ஒன்றோடொன்று இசையாதபோது மனம் ஏதாவதொன்றை மாற்றிச் சமன் செய்துகொள்ளும் என்னும் அவருடைய புகழ்பெற்ற கொள்கை 1957-இல் நூலாக வெளிவந்தது. பாடநூல்களில் பெஸ்டிங்கர் நிற்கிறார், பாட்னாவைக் காணோம்.

இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் 2018 ஆகஸ்டு வெள்ளத்தை நினைவூட்டலாம். இடுக்கி மாவட்டம் பெரிதும் துன்புற்ற அந்நாள்களில், முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பொய்ச் செய்திகள் கைப்பேசிகளில் பரவின. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள உறவினர்கள் அப்போது எதைக் கேட்டனர், எதை நம்பினர், எதைப் பிறர்க்கு அனுப்பினர் என்று மாணவர் விசாரித்து எழுதலாம். குமுளியில் கேட்டதும் கம்பத்தில் கேட்டதும் ஒன்றாக இராமற்போகலாம். ஆனால் இதில் ஆசிரியர் விழிப்போடு இருத்தல் வேண்டும். நீர்ப் பங்கீடு பற்றிய வழக்கை வகுப்பறையில் நடத்த முற்படலாகாது. செய்தி எவ்வாறு பரவிற்று என்பதே பொருள்.

தமிழ் மாணவரும் மலையாள மாணவரும் கலந்து அமர்ந்த வகுப்பில் அவரவர் தத்தம் மொழியினரோடு சேர்ந்துகொள்வது இயல்பு. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971-இல் வெள்ளையரும் கறுப்பரும் மெக்சிக இனத்தவரும் ஒரே பள்ளியில் புதிதாகச் சேர்க்கப்பட்டபோது எழுந்த பூசலைத் தணிக்க எலியட் ஆரன்சன் ஒரு முறை கண்டார். பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியைக் கொடுத்துவிடுவார். மற்றவர் பகுதியை அவர் வாயிலாகவே அறிய முடியும். ஒருவர் திணறிச் சொன்னாலும் அவரைக் கேலி செய்வது பிறர்க்கு நட்டமாயிற்று. கேள்வி கேட்டு அவரைச் சொல்ல வைப்பதே இலாபமாயிற்று. சித்தூர் வட்டாரத்துக்கு இம்முறை மிகவும் ஏற்றது என்பது நம் துணிபு. ஆங்கிலம் தடுமாறும் இடத்தில் மாணவர் தமிழிலும் மலையாளத்திலும் கலந்து விளக்கிக்கொள்வர்; அதைத் தடுக்காதிருந்தால் போதும்.

இரு மொழிகள் பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்னும் அச்சம் வெளிமாநிலத் தமிழ்ப் பெற்றோர் பலரிடம் இன்றும் உண்டு. 1920-களில் வேல்ஸ் நாட்டில் சேயர் நடத்திய ஆராய்ச்சி அத்தகைய எண்ணத்துக்கு இடந்தந்தது. 1962-இல் மாண்ட்ரியல் நகரில் பீல், லாம்பெர்ட் என்னும் இருவர் குடும்ப நிலை முதலியவற்றை ஒப்பவைத்துச் சோதித்தபோது, இருமொழிப் பிள்ளைகளே சிறந்து நின்றனர். நம் ஒடிசாவில் அஜித் மொகந்தி, குயி மொழியும் ஒடியாவும் பேசும் கோந்துப் பிள்ளைகளை ஒடியா மட்டும் பேசும் கோந்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார். அங்கும் இருமொழியினர் பின்தங்கவில்லை, முந்தினர். அண்மைக்காலப் பெரிய ஆராய்ச்சிகள் சில, இருமொழியால் விளையும் நன்மை முன்பு எண்ணிய அளவு இல்லை என்கின்றன. நன்மை எவ்வளவு என்பதில் வழக்கு இருக்கட்டும். தீங்கு என்பதற்குச் சான்று இல்லை. கல்லூரியில் உளவியல் பயிலும் உங்கள் மகளோ மகனோ இவ்வாராய்ச்சிகளை வரிசையாகப் படித்துவிட்டுத் தாத்தா பாட்டியிடம் விளக்குவாரானால், அதுவே அப்பாடத்துக்குத் தக்க தேர்வு.

எச்சரிக்கையும் சில உண்டு. மாணவர் ஒருவரையொருவர் சோதிக்கும்போது, விருப்பமில்லாதவர் காரணம் கூறாமலே விலகிக்கொள்ள இடம் வேண்டும். பெயரின்றி எண்ணிட்டே விவரங்களைக் குறிக்க வேண்டும். சோதனையில் குறைந்த எண்ணிக்கை பெற்றவரை வகுப்பின் முன் சொல்லலாகாது. இரண்டு மாதம் உளவியல் படித்துவிட்டுத் தோழிக்கு இன்ன நோய் என்று பெயர் சூட்டும் ஆர்வத்தை ஆசிரியர் தொடக்கத்திலேயே கடிந்து தடுக்க வேண்டும். துன்பத்தில் இருப்பவரை உரிய மருத்துவரிடம் சேர்ப்பதே மாணவர் செய்யத் தக்கது. மற்றொன்று: 1971-இல் ஸ்டான்போர்டில் நடந்த சிறைச்சாலைச் சோதனையின் படத்தை வகுப்பில் காட்டிவிட்டுப் பாடம் முடிந்ததாகக் கொள்வோர் உளர். காவலர்கள் தாமாகவே கொடியவராயினர் என்பதை மறுத்து, அவர்களுக்கு முன்னமேயே ஊக்கம் தரப்பட்டது என்று காட்டும் ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்துவிட்டது. படத்தைக் காட்டுவோர் மறுப்பையும் காட்டுதல் கடமை.

எண் சோதனையை இல்லத்திலேயே செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்காக அதன் முறையைக் கூறிவிடுகிறோம். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களை ஒழுங்கின்றிக் கலந்து, மூன்று எண் கொண்ட வரிசை இரண்டு, நான்கு கொண்டவை இரண்டு எனப் பத்துவரை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் வேறு வேறு வரிசைகள் வேண்டும். நொடிக்கு ஓர் எண்ணாக, குரலை ஏற்றாமலும் இறக்காமலும் வாசியுங்கள். முடித்ததும் கேட்டவர் அதே மொழியில் திருப்பிச் சொல்லட்டும். ஒரே நீளமுள்ள இரண்டு வரிசையிலும் தவறினால் நிறுத்திவிட்டு, அதற்கு முந்திய நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்குத் தமிழில் தொடங்கினால் அடுத்தவருக்கு நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் தொடங்குங்கள். பாட்டிக்கு மட்டும் பேச்சுத் தமிழில் 'ஒண்ணு, ரெண்டு' என்றே வாசியுங்கள். பேரனுக்கு இரு வழக்கிலும் வாசித்து இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.